பிள்ளைக்குச் சோறூட்டும் கைகள்: ஊவாத் தோட்டங்களில் உணவு ஒவ்வாமை

தேயிலை மலையில் குளவி கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கொட்டு வாங்கியவரைக் கிடைத்த வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பலருக்கு வலியோடும் வீக்கத்தோடும் போய்விடும். சிலருக்கு ஒன்றிரண்டு கொட்டிலேயே உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். தோட்டச் செய்திகளில் குளவிக்கொட்டு அடிக்கடி இடம்பிடிக்கிறது. அதே தொண்டையடைப்பு ஒரு பிடி கச்சானாலும், ஒரு கோப்பைப் பாலாலும், ஒரு துண்டு மீனாலும் வரலாம் என்பதை அதே லயங்களில் அறிந்தவர்கள் மிகக் குறைவு. பிள்ளைக்கு உதடு வீங்கினால் கண்ணூறு என்கிறார்கள், சூடு என்கிறார்கள், கிரந்தி என்கிறார்கள். தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது தானாக அடங்கிவிடுவதால் அடுத்த முறையும் அதையே செய்கிறார்கள்.

உணவு ஒவ்வாமையோடு குடும்பம் நடத்துவதைப் பற்றி உலகில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி பேரங்காடியில் பொதியைத் திருப்பிப் பார்த்து வாங்கும் தாய்க்கும், கைப்பையில் ஊசிக்கருவி வைத்திருக்கும் தந்தைக்கும் எழுதப்பட்டது. ஹப்புத்தளையிலோ லுணுகலையிலோ மொனராகலை இறப்பர் தோட்டத்திலோ வாழும் குடும்பத்துக்கு அதில் பாதி பொருந்தாது. அங்கே பிள்ளைக்குச் சோறூட்டுவது தாய் மட்டுமல்ல. பகல் முழுக்கத் தாய் மலையில் நிற்கிறாள். பிள்ளையின் வாய்க்குள் போவதைத் தோட்டத்துப் பகல்நேரக் காப்பகமான பிள்ளைக் காம்பராவின் ஆயம்மாவும், அப்பாயியும், அடுத்த காம்பரா அக்காவும், பாடசாலையும், கோயிலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆகவே ஊவா மாகாணத்தில் இந்த நோயைப் பற்றிப் பேசுவதென்றால் இத்தனை கைகளைப் பற்றியும் பேச வேண்டும்.

உடம்புக்குள் நடப்பது எங்கும் ஒன்றுதான். தீங்கில்லாத ஓர் உணவுப் புரதத்தை எதிரி என்று உடல் ஒருமுறை பதிந்துகொள்கிறது. அடுத்த முறை அது வந்ததும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது. 1902இல் பிரான்சின் சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் நாய்களில் இதைக் கண்டார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், வாரங்கள் கழித்து அதைவிடச் சிறிய அளவில் செத்துப்போனது. ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. 1921இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய இரத்தத்தின் தெளிநீரைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைக் குத்தினார். அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையைச் சுமப்பது இரத்தத்தில் உள்ள ஒரு பொருள் என்று அப்படித்தான் தெரிந்தது. இது உடம்பின் வேலை. பிள்ளையின் செல்லமோ தாயின் கவனக்குறைவோ இதற்குக் காரணமல்ல. இதை மாமியார் முன்னால் சொல்ல முடியாமல் தவிக்கும் இளம் தாய்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

எந்த உணவு யாருக்கு ஆகாது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999இல் பொதிகளில் கட்டாயம் காட்ட வேண்டியவை என எட்டு வகைகளை வரிசைப்படுத்தியது: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலையும் சோயாவும், பால், மரக்கொட்டைகள், சல்பைட்டுகள். நல்ல பட்டியல். ஆனால் ஊவாவின் அடுப்படியில் நின்று பார்த்தால் அதில் பெரிய ஓட்டை தெரியும். தேங்காய் அதில் தனியாக இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நெடுநாள் மரக்கொட்டைகளோடு சேர்த்து வைத்திருந்த தேங்காயை 2025 ஜனவரியில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே அது அரிது, சரி. இலங்கையில் தேங்காய்க்கு ஒவ்வாமை உள்ளவர்களை நோயெதிர்ப்பியல் மருத்துவர்கள் பார்த்து ஆய்வுகளில் பதிந்திருக்கிறார்கள். காலையில் ரொட்டி மாவுக்குள் தேங்காய்ப்பூ, கூடவே சம்பல், பகலில் பருப்புக்கும் கிழங்குக்கும் தேங்காய்ப்பால், இரவில் சொதி என்று மூன்று வேளையும் தேங்காயோடு கழியும் வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தேங்காய் ஆகாதென்றால் அந்தச் சமையலே தலைகீழாகும்.

அதைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். லயத்து அடுப்படி ஒடுங்கிய இடம். ஒரு திருவலை, ஒரு அம்மி, இரண்டு மூன்று சட்டி, ஒரு அகப்பை. பிள்ளைக்கென்று பருப்பைத் தண்ணீரில் அவித்துத் தனியே எடுத்துவைத்தாலும், பால்விட்ட கறியைக் கிண்டிய அகப்பை அதற்குள் போய்விடுகிறது. சம்பல் அரைத்த அம்மியிலேயே மிளகாய் அரைபடுகிறது. மலையில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு கலையும் முன் ஓடிச் சேர வேண்டிய தாய் இரண்டு சமையல் சமைக்க முடியாது. சமாளிக்கும் குடும்பங்கள் வழக்கமாகக் கண்டுபிடிக்கும் வழி, முழு வீட்டுக்குமே பிள்ளையின் சாப்பாட்டைச் சமைப்பது. பெரியவர்கள் வேண்டுமானால் தட்டில் சம்பலைத் தனியே வைத்துக்கொள்ளலாம். இதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். பிள்ளைக்குத் தனி என்று பிரித்தால் ஒருநாள் தவறும், எல்லோருக்கும் ஒன்று என்றால் தவற இடமில்லை. பிள்ளைக்கென்று ஒரு சட்டியும் ஒரு அகப்பையும் மட்டும் ஒதுக்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவைத்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கும் அடையாளம் தெரியும்.

கோதுமை மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ரொட்டிதான் வயிற்றை நிறைக்கிறது. கோதுமை உண்டு சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாமல், உண்டபின் உடலை வருத்தி வேலை செய்தால் மட்டும் தடித்து மயங்குகிற ஒருவகை ஒவ்வாமையை மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன. ரொட்டியைத் தின்றதும் செங்குத்தான மலையேறிக் கொழுந்து சுமக்கும் ஒருவர் அடிக்கடி தடித்து மயங்கினால், வெயில், பலவீனம், இரத்தச்சோகை என்று முடித்துவிடாமல் இதையும் வைத்தியர் நினைத்துப் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் வரும் ஒவ்வாமையும் அப்படித்தான் ஏமாற்றும். உண்ணி கடித்ததால் உடலில் உருவாகும் அந்த ஒவ்வாமையை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இறைச்சி தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே அது வெளிப்படும். தீபாவளிக்குப் பங்கு இறைச்சி வாங்கிச் சமைத்துத் தின்று படுத்தவர் நடுச்சாமத்தில் சொறிந்துகொண்டு எழுந்தால், இரவுச் சாப்பாட்டை யார் நினைப்பார்கள்? இலங்கையிலும் இறைச்சியால் அதிர்ச்சிக்கு உள்ளானவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

மீன் விஷயம் தனியே பேச வேண்டியது, ஏனென்றால் மலையில் மீன் ஒவ்வாமை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி ஒவ்வாமையே அல்ல. கடல் தூரம். சூரையும் சாளையும் கும்பளாவும் லொறியிலும் பிறகு மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் ஏறி, வளைந்து வளைந்து தோட்டத்துக்கு வந்து சேர்கின்றன. வழியில் ஐஸ் கரைந்துபோனால் இந்த மீன்களின் தசையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைத் தின்றால் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்து, வயிறு கலங்கும். நன்றாகப் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய எளிய கேள்விகள் உண்டு. ஒரே மீனைத் தின்ற பலருக்கும் வந்ததா? நாக்கில் மிளகுபோல் காரம் தட்டியதா? வேறொரு நாள் அதே மீனைப் புதிதாகத் தின்றபோது ஒன்றும் ஆகவில்லையா? ஆமென்றால் குற்றம் மீன் வந்த வழியில் இருக்கிறது, பிள்ளையின் உடம்பில் இல்லை. இதை விசாரிக்காமல் வாழ்நாள் முழுக்க மீன் தொடாதே என்று சொல்லிவிட்டால், மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் ஒன்றை அந்தப் பிள்ளை இழக்கிறது. மாறாக உண்மையிலேயே மீன் ஆகாத பிள்ளைக்கு நெத்தலியும் கருவாடும் டின் மீனும் ஒன்றுதான். மாசிச் சம்பலில் ஒரு சிட்டிகை போதும்.

ஒவ்வாமையை அடையாளம் காணாமல் விடுவது முதல் ஆபத்து என்றால், அளவுக்கு மீறி விலக்குவது இந்தக் கட்டுரையில் நான் அஞ்சும் இரண்டாவது ஆபத்து. கரப்பான் உள்ள குழந்தைக்குக் கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, முட்டை, மீன், பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தும் பழக்கம் நம் சனங்களிடம் ஊறியது. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் 2016இன் இலங்கை குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இந்த இடத்தில் ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது சிறு காரியமல்ல. கரப்பான் உள்ள பிள்ளைகளில் பலருக்கு எந்த உணவும் காரணமாக இருப்பதில்லை. தோலுக்குக் களிம்பும் ஈரப்பதமும் தேவைப்படும், பட்டினி தேவைப்படாது. உணவுதான் என்று சந்தேகம் வந்தால், தின்ற பொருள், தின்ற நேரம், தடித்த நேரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும். ஒன்றை நிறுத்தச் சொன்னால், பதிலுக்கு எதைக் கொடுப்பது என்றும் எத்தனை காலத்துக்கு என்றும் கேட்க வேண்டும். பால், முட்டை ஒவ்வாமைகள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். கச்சான், மீன், இறால் ஒவ்வாமைகள் பலருக்குத் தங்கிவிடும்.

பால் ஆகாத கைக்குழந்தை உள்ள குடும்பத்தின் பாடு காசோடு பிணைந்தது. தாய்ப்பால் இருக்கும்வரை தாயே பால்மாத் தேநீரையும் தயிரையும் விட்டு, குழந்தைக்குக் கொடுத்துவரலாம். அதுவே மிகச் சிறந்தது. தாய்ப்பால் நின்றுவிட்டால் புரதம் சிதைத்த விசேஷப் பால்மா வேண்டும். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தப் பால்மா டின் ஒன்றுக்குப் பல நாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். ஆகவே யாரோ சொன்னார்கள் என்று ஆட்டுப்பால் தேடுகிறார்கள். ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலின் புரதமும் மிக நெருக்கமானவை. பசுப்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் பாதுகாப்பான மாற்று அல்ல. பால் குடித்தால் வயிறு ஊதிக் கழிவது மட்டும் வேறு விஷயம். அது பால்சர்க்கரை செரிக்காமை; தொல்லை தரும், உயிரை எடுக்காது.

இனிப் பிள்ளைக் காம்பரா. காலையில் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள். ஆயம்மா ஒருவரோ இருவரோ எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். கஞ்சி, பால், பிஸ்கட், திரிபோஷ என்று கொடுக்கிறார்கள். 1973இல் தொடங்கிய திரிபோஷ, எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு கொடுக்கும் அருமையான உதவி. ஆனால் அது சோளம், சோயா, பால்மா சேர்ந்த கலவை. பால் ஆகாத, சோயா ஆகாத பிள்ளைக்கு அந்த உருண்டையே ஆபத்து. எடை குறைந்ததால்தான் திரிபோஷ கொடுக்கிறார்கள், ஒவ்வாமையால்தான் எடை குறைந்தது என்றால் இந்தச் சுற்றை உடைக்க வேண்டியவர் குடும்பநல உத்தியோகத்தர். மாதா மாதம் பிள்ளையை நிறுக்கும் அவரிடமே இதை முதலில் சொல்ல வேண்டும். முட்டை ஆகாத பிள்ளைக்கு ஊசி போடலாமா என்ற பயமும் அவரிடமே தீரும். 9 மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் பாதுகாப்பானது.

அரச பாடசாலைகளில் ஆரம்ப வகுப்பு மாணவருக்கு வழங்கும் மதிய உணவிலும் முட்டை, நெத்தலி, பருப்பு வருகின்றன. வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிய ஒரு தாள், அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கக் கூடாது என்று புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியருக்கும் சொல்லிவிடும். கோயில் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் பிரசாதத்தை மறுப்பது யாருக்கும் மனம் வராத காரியம். பொங்கலில் பாலும் நெய்யும் கஜுவும், மோதகத்தில் பயறும் தேங்காயும், சுண்டலில் கடலையும் இருக்கின்றன. கதிர்காமமே மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆடிவேலுக்குப் போகும் குடும்பம் வழியெல்லாம் அன்னதானத்தில்தான் சாப்பிடும், முன்பின் தெரியாத கைகள் பரிமாறும். பிள்ளைக்கென்று வெறுஞ்சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், பிரசாதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி, வீட்டில் வேறொருவருக்குக் கொடுப்பதில் எந்த அபசாரமும் இல்லை. விபூதி பூசிக்கொண்டாலே முருகன் அருள் முழுசாகக் கிடைக்கும்.

பொதியின் எழுத்து மற்றொரு தடை. இலங்கையின் உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் பொதிகளுக்கான ஒழுங்குவிதிகள் உண்டு. ஆனால் தோட்டத்துக் கடையில் பிஸ்கட் எண்ணிக் கொடுக்கப்படுகிறது, கச்சான் அல்வா கண்ணாடிப் போத்தலில் இருக்கிறது, முறுக்கை எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. சந்தியில் கொத்து போடும் தகட்டில் முட்டையும் இறைச்சியும் ஒன்றாகக் கொத்துப்படுகின்றன. பிரித்தானியாவில் 2016இல் எள் கலந்த ரொட்டியைத் தின்று இறந்த நட்டாஷா எட்னன்-லப்பரூஸ் என்ற சிறுமியின் பெற்றோர் போராடி, கடையிலேயே செய்து பொதி கட்டும் உணவுக்கும் முழுப் பட்டியல் வேண்டும் என்ற சட்டத்தை 2021இல் வரச்செய்தார்கள். நமக்கும் அது வர வேண்டும். அதுவரை பாதுகாப்பான வழி ஒன்றுதான்: பட்டியல் இல்லாததைப் பிள்ளைக்குக் கொடுக்காதிருப்பது.

வைத்தியரிடம் போனாலும் மொழி குறுக்கே நிற்கிறது. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதில் இரத்தப் பரிசோதனை துணைதான். முதன்மையானது தாய் சொல்லும் கதை: எதைத் தின்றான், எவ்வளவு தின்றான், எத்தனை நிமிடத்தில் எங்கே தடித்தது. மொனராகலையில் தமிழர் சிறு தொகையினர். மருத்துவ ஊழியரில் பலர் சிங்களம் பேசுபவர்கள். தமிழ் 1987 முதல் அரசியலமைப்புப்படி அரசகரும மொழி. ஆனாலும் தாயின் கதையை அரைகுறைச் சிங்களத்தில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்ல வேண்டியிருந்தால் நோய் பிடிபடாது. பரிசோதனைக்குக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்வரை போக நேரலாம். பதுளையிலிருந்து ரயிலில் சுமார் 290 கிலோமீட்டர். ஒருநாள் போக, ஒருநாள் வர, இருவருக்கு இரண்டு நாள் பேர் இல்லை. பதுளையிலேயே மாதம் ஒருமுறை ஒவ்வாமைக் கிளினிக் ஒன்று தமிழ் பேசும் தாதியோடு நடந்தால் எத்தனையோ குடும்பங்களின் அலைச்சல் தீரும்.

அவசரத்துக்கு வருவோம். மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, மயங்குகிறான், அல்லது தடிப்போடு வாந்தியும் நிற்கவில்லை என்றால், அந்த நேரத்து மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில், குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில், பயிற்சி பெற்றவர் ஏற்ற வேண்டும். வீட்டில் எல்லோரும் நம்புகிற பிரிடோன் குளிசை அரிப்பை அடக்கும், மூச்சைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததால் போன நேரம் திரும்பி வராது. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், நடக்கவைக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் மேல்பிரிவு லயத்துக்கு அது ஏறிவர நேரமெடுக்கும். மழைக்காலத்தில் வராமலும் போகலாம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் பாதைகள் அடைபட்டதையும் கண்டவர்கள் நாம். அப்படி வீட்டை விட்டுப் போக நேர்ந்தால், முகாமில் கொடுக்கும் நிவாரணப் பொதியிலும் டின் மீன், பால்மா, சோயா மீட்தான் இருக்கும்.

மேலைநாட்டுப் பெற்றோர் வைத்திருக்கும் தானியங்கி ஊசி இங்கே சாதாரணமாகக் கிடைப்பதில்லை. விலையும் நம் கைக்கு எட்டாது. அட்ரினலின் குப்பியோ மிக மலிவானது. குளவிக்கொட்டுக்கு வேண்டிய மருந்தும் அதுவேதான். ஆகவே தோட்டத்து டிஸ்பென்சரி ஒவ்வொன்றிலும் காலாவதியாகாத குப்பியும், சிறிய சிரிஞ்சும், எடைவாரியாக அளவு எழுதிய தமிழ் அட்டையும், அதைப் போடப் பயின்ற ஒருவரும் இருக்க வேண்டும். 1990களில் தொடங்கிய, தோட்ட மருத்துவத்தை அரசு பொறுப்பேற்கும் வேலை இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை கம்பனியும் சுகாதாரத் திணைக்களமும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருப்பதற்கு இது இடமில்லை. குளவியால் சாகும் தொழிலாளியையும் கச்சானால் சாகும் பிள்ளையையும் காப்பாற்றும் மருந்து ஒரே அலுமாரியில் இருக்க முடியும்போது, தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

வருமுன் காக்கும் வழி பற்றியும் நல்ல செய்தி உண்டு. லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலிருந்தே நிலக்கடலை சேர்ந்த உணவைக் கொடுத்துவந்தபோது கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்தது. மொனராகலை கச்சான் விளையும் மண். ஆறு மாதம் நிறைந்து சோறூட்டத் தொடங்கும் குழந்தைக்கு நன்றாக அரைத்த கச்சானைக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முழுக்கொட்டை கொடுத்தால் தொண்டையில் சிக்கும். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ ஏற்கெனவே இருந்தால் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு முட்டையையும் மீனையும் கச்சானையும் பயந்து ஒத்திப்போடுவதால் ஒரு நன்மையும் இல்லை.

உங்கள் வீட்டில் உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்தால், இன்றே ஒரு தாளில் அதன் பெயரையும், ஆகாத உணவையும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும், 1990 என்ற இலக்கத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் பாடசாலை ஆசிரியரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். ஒரு பிரதியை ஆயம்மாவிடமும், ஒன்றை வகுப்பாசிரியரிடமும், ஒன்றைப் பிள்ளையின் கிளினிக் அட்டைக்குள்ளும் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாயால் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.